கீழே கிடப்பவர் யார்?

என் தங்கை மகனைச் சனி, ஞாயிறுகளில் குத்துச்சண்டைப் பயிற்சிக்கு அழைத்துப்போவது என் பொறுப்பாகிச் சில மாதங்கள் ஆகின்றன. தகரக் கூரை போட்ட கொட்டகையில்தான் பயிற்சி. உள்ளே மணல் மூட்டைகள் இரண்டு, கயிறு தளர்ந்துபோன ரிங், சுவரில் ஒரு படம். அந்தப் படத்தை நீங்களும் எங்காவது பார்த்திருப்பீர்கள். வெள்ளைக் கால்சட்டை போட்ட முகமது அலி, வலது கையை மார்புக்குக் குறுக்கே மடக்கிக்கொண்டு, வாய் திறந்து கத்தியபடி நிற்கிறார். அவர் காலடியில் கறுப்புக் கால்சட்டை போட்ட ஒருவர் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் விரித்து மல்லாந்து கிடக்கிறார். மழைக்கால ஈரத்தில் படத்தின் கீழ்ப்பகுதி உப்பிப்போய், கிடப்பவரின் முகத்தின் மேல் பூஞ்சை படர்ந்திருந்தது. ஒருநாள் கைக்கட்டுத் துணியைச் சுற்றிக்கொண்டே பையன் கேட்டான்: “மாமா, கீழே கிடப்பவர் யார்?” நான் வாயைத் திறப்பதற்குள் பயிற்சியாளர் பதில் சொல்லிவிட்டார். “தோற்றவர்.”

அவர் சொன்னதில் பிழை இல்லை. ஆனாலும் அந்த ஒற்றைச் சொல் பல நாள் என்னைத் தூங்கவிடவில்லை. அலி நமக்குப் புதியவர் அல்லர். 1980-இல் அவர் சென்னைக்கு வந்து நேரு விளையாட்டரங்கில் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிச் சண்டை போட்டதை நேரில் பார்த்தவர்கள் இன்னும் வடசென்னையில் இருக்கிறார்கள். அவரைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம், அந்தப் படத்தில் கீழே கிடப்பவரின் பெயரும், சன்னி லிஸ்டன் என்று, என் கண்ணில் பட்டுக்கொண்டேதான் இருந்தது. கதாநாயகன் அரியணை ஏறும் வழியில் வதம் செய்யவேண்டிய அரக்கனைக் கடந்துபோவதுபோல நான் அந்தப் பெயரைக் கடந்து போயிருக்கிறேன். அலிக்கு முன்னால் உலக ஹெவிவெயிட் சாம்பியனாக இருந்தவர் அவர் என்பதே பையனிடம் சொல்வதற்காக உட்கார்ந்து படித்தபோதுதான் எனக்கு உறைத்தது. படிக்கப் படிக்க, அலியின் குத்தைவிட, அதற்கு இரண்டரை ஆண்டுகளுக்கு முன் ஒரு விமான நிலையத்தில் நடந்த ஒன்றுதான் என் மனத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

வெட்டப்பட்ட மரம்

லிஸ்டன் எப்போது பிறந்தார் என்பதில் இன்றுவரை முடிவில்லை. 1930 என்பார்கள், 1932 என்பார்கள். பிறந்த நாளை வீட்டருகே ஒரு மரத்தில் செதுக்கி வைத்திருந்ததாகவும், பிற்பாடு அந்த மரத்தையே வெட்டிவிட்டதாகவும் ஒரு கதை உண்டு. வயதைப் பற்றி யாராவது துருவிக் கேட்டால் அவருக்குக் கோபம் வரும். ஆர்கன்சா மாநிலத்தில், ஃபாரஸ்ட் சிட்டி என்ற ஊருக்கு அருகில், அடுத்தவர் நிலத்தில் பருத்தி விளைவித்து, விளைச்சலில் பங்கு கொடுத்துப் பிழைத்த கறுப்பினக் குடும்பம். தகப்பன் டோப் லிஸ்டனுக்கு இரண்டு மனைவியர் வழியாக இருபத்தைந்து பிள்ளைகள். இவர் இருபத்து நான்காவது. தகப்பன் அடித்த சாட்டையடியின் தழும்புகள், அவர் உலக சாம்பியன் ஆன பிறகும் முதுகில் தெரிந்தன. தாய் பிழைப்புத் தேடி செயின்ட் லூயிஸ் நகரத்துக்குப் போனார். பதின்பருவத்தில் மகனும் பின்னாலேயே போய்ச் சேர்ந்தார். பள்ளிக்கூடம் அவருக்கு ஒட்டவில்லை. கடைசிவரை எழுதப் படிக்கத் தெரியாது.

திருட்டு, வழிப்பறி, 1950-இல் ஜெபர்சன் சிட்டியிலுள்ள மிசௌரி மாநிலச் சிறை என்று அடுத்த சில ஆண்டுகள் போயின. சிறையைப் பற்றி அவர் பின்னாளில் குறைப்பட்டுக்கொண்டதே இல்லை; மூன்று வேளையும் சாப்பாடு கிடைத்தது என்பார். அங்கிருந்த கத்தோலிக்கப் பாதிரியார் ஒருவர்தான் அவர் கையில் முதலில் கையுறையை மாட்டிவிட்டார். ‘ஆஜானுபாகு’ என்ற சொல்லை உயரமாக இருக்கும் எல்லோருக்கும் பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். முழங்காலைத் தொடும் கை உடையவர் என்பதே அதன் நேர்ப்பொருள். லிஸ்டனைச் சொன்னால் அந்தச் சொல் தன் பொருளிலேயே நிற்கும். ஆளின் உயரம் ஆறடி ஓர் அங்குலம். கைகளை விரித்தால் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஏழடி. முஷ்டியின் சுற்றளவு பதினைந்து அங்குலம். இடது கையை நேராக நீட்டி அவர் விடும் குத்தே மற்றவர்களின் வலது கைக் குத்துக்கு ஈடாக விழும்.

1952 அக்டோபரில் பரோலில் வெளியே வந்தவரை ஏற்றுக்கொள்ள நல்லவர்கள் யாரும் வரிசையில் நிற்கவில்லை. நின்றவர்கள் குற்றக் கும்பல்களோடு கொடுக்கல் வாங்கல் உள்ளவர்கள். பிற்காலத்தில் ஃபிராங்கி கார்போ, பிளிங்கி பலெர்மோ என்ற இரு மாஃபியா ஆட்கள்தான் அவருடைய வாழ்க்கையைக் கையில் வைத்திருந்தார்கள். சண்டையில் வரும் பணத்தில் பெரும்பங்கு போனது அவர்களுக்கு. நேர்மையான வேறொரு கதவைத் தட்டியிருக்கலாமே என்று சொல்வது நமக்கு எளிது. எந்தக் கதவு என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்லியாக வேண்டும். இவருக்காகப் பரிந்து பேச உட்கார்ந்தவன் இவருடைய கைகளின் மறுபக்கத்தையும் பார்க்கத்தான் வேண்டும். தொழிற்சங்கத் தகராறுகளில் கும்பல்களுக்கு அடியாளாகப் போனார் என்று சொல்வார்கள். 1956-இல் செயின்ட் லூயிஸில் ஒரு போலீஸ்காரரை அடித்து, முழங்காலை உடைத்து, துப்பாக்கியைப் பிடுங்கிக்கொண்டார். அந்தப் போலீஸ்காரர் தன்னை இனத்தைச் சொல்லி இழிவாகப் பேசினார் என்பது லிஸ்டன் தரப்பு. ஒன்பது மாதத் தண்டனை கிடைத்தது. அதன்பிறகு அந்த ஊர்ப் போலீஸ் அவரைக் காணும் இடத்திலெல்லாம் பிடித்து நிறுத்தியது. ஊரைவிட்டே போகும்படி மிரட்டலும் வந்தது. ஃபிலடெல்ஃபியாவுக்குக் குடிபெயர்ந்தார். அங்கேயும் போலீஸ் விடவில்லை.

சிகாகோவிலிருந்து வந்த விமானம்

1960 வாக்கில் ஹெவிவெயிட்டில் அவரை எதிர்த்து நிற்கக்கூடியவர்கள் ஏறக்குறைய தீர்ந்துபோயிருந்தார்கள். கிளீவ்லண்ட் வில்லியம்ஸ் இரண்டு முறை, ஜோரா ஃபோலி, எடி மேச்சன் என்று வரிசையாக வீழ்த்தியாயிற்று. மிச்சம் இருந்தவர் சாம்பியன் ஃபிளாய்ட் பாட்டர்சன் மட்டும். பாட்டர்சன் மென்மையானவர், அடிபட்டு விழுந்த எதிராளியைத் தூக்கிவிடும் சுபாவம் உள்ளவர். நாடே அவரை விரும்பியது. லிஸ்டனோடு மோதவேண்டாம் என்று அதிபர் கென்னடியே அவரிடம் சொல்லிப் பார்த்தார். கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிக்கொண்டிருந்த தலைவர்களும் அந்தச் சண்டையை விரும்பவில்லை. தெருவில் உரிமைப் போராட்டம் நடக்கும் நேரத்தில் சிறைக்குப் போய்வந்த ஒருவர் இனத்தின் முகமாக உட்கார்ந்தால் என்ன ஆகும் என்பது அவர்கள் கவலை. அந்தக் கவலையை என்னால் குறைசொல்ல முடியவில்லை. ஆனாலும் தன் சொந்த மக்களே தான் தோற்கவேண்டும் என்று வேண்டிக்கொள்கிறார்கள் என்பது தெரிந்தபிறகும் ஒருவர் ரிங்கில் ஏறவேண்டியிருந்ததை நினைத்துப் பாருங்கள். சண்டைக்கு முன் தன்னைப் பார்க்க வந்த எழுத்தாளர் ஜேம்ஸ் பால்ட்வினிடம், தான் பிள்ளைகளுக்குக் கெட்ட உதாரணமாக இருக்கமாட்டேன் என்றும், தான் நடந்துவந்த பாதை அது என்பதால் அவர்களைக் கேட்கவைக்கத் தன்னால் முடியும் என்றும் லிஸ்டன் சொல்லியிருக்கிறார்.

1962 செப்டம்பர் 25. சிகாகோவின் கோமிஸ்கி பார்க். முதல் ரவுண்டில் இரண்டு நிமிடம் ஆறு விநாடியில் பாட்டர்சன் தரையில் கிடந்தார். எண்ணி முடித்தார்கள். லிஸ்டன் உலக சாம்பியன்.

அடுத்து ஃபிலடெல்ஃபியாவுக்கு விமானத்தில் திரும்பினார். பக்கத்து இருக்கையில் ஜாக் மெக்கின்னி என்ற பத்திரிகையாளர். லிஸ்டன் நம்பிப் பேசிய வெகு சிலரில் ஒருவர். வழிநெடுக லிஸ்டன் அவரிடம் ஒரு சொற்பொழிவை ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தார். எழுதி வைத்துப் படிக்கும் வழி இல்லாதவர் அல்லவா, வாயால் சொல்லிச் சொல்லித்தான் மனத்தில் பதிக்கவேண்டும். சிறுவனாக இருந்தபோது வானொலியில், கறுப்பின உலக சாம்பியனான ஜோ லூயிஸின் சண்டைகளைக் கேட்டதைச் சொன்னார். லூயிஸ் தன் இனத்துக்கே பெருமை என்று அறிவிப்பாளர் ஒவ்வொரு முறையும் சொல்வாராம். அதைக் கேட்கும்போது தனக்குள் பூரிப்பாக இருக்கும் என்றார். தானும் அப்படி ஆகவேண்டும். தேவாலயங்களுக்கும் கறுப்பின மக்கள் வாழும் தெருக்களுக்கும் போய், உங்களுக்கு நான் தலைக்குனிவு தேடித்தரமாட்டேன், உங்கள் முன்னேற்றத்துக்குக் குறுக்கே நிற்கமாட்டேன் என்று சொல்லவேண்டும். இறங்கியதும் கூட்டத்தின் முன் முதலில் இதைச் சொல்லலாமா, அதைச் சொல்லலாமா என்று மெக்கின்னியிடம் யோசனை கேட்டுக்கொண்டே வந்தார்.

ஊரில் கூட்டம் இருக்கும் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. ஏன் இருக்கவேண்டும்? உலக சாம்பியன் பட்டத்தோடு ஒருவர் தான் குடியிருக்கும் ஊருக்கு வருகிறார். மனிதனின் கடந்தகாலம் அவனுடைய வருங்காலத்தைத் தீர்மானிக்கவேண்டியதில்லை என்பதை லிஸ்டன் காட்டிவிட்டார் என்று மேயர் ஜேம்ஸ் டேட் வாழ்த்துச் செய்தி விட்டிருந்தார். அதே ஊரின் ஒரு விளையாட்டுப் பத்தியாளர் வேறொன்று எழுதியிருந்தார்: லிஸ்டனுக்கு ஊர்வலம் நடத்தவேண்டியதுதான், தூவுவதற்குக் காகிதம் வேண்டும் என்றால் அவர்பேரில் உள்ள கைது வாரண்டுகளைக் கிழித்துப் போடலாம் என்று. ஊரில் எடுபட்டது மேயரின் வாழ்த்து அல்ல, பத்தியாளரின் கேலி.

விமானம் நின்றது. கதவு திறந்தது. லிஸ்டன் எழுந்து கழுத்துப் பட்டையைச் சரிசெய்துகொண்டு, தொப்பியைத் திருத்திக்கொண்டு, வாசலில் வந்து நின்றார். கீழே விமான நிலைய ஊழியர்கள் சிலர். நிருபர்கள், புகைப்படக்காரர்கள் ஒரு கைப்பிடி அளவு. வேறு யாரும் இல்லை. மேயர் இல்லை, மேயர் சார்பில் ஒருவரும் இல்லை. மாலை இல்லை, மேளம் இல்லை, கைதட்ட ஓர் ஆள் இல்லை. அவர் கண்கள் அந்த இடத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்ததையும், தொண்டை ஏறி இறங்கியதையும், முகம் காற்றுப்போன பலூன்போல ஆனதையும் பின்னால் நின்ற மெக்கின்னி பார்த்தார். ஒரு விநாடிதான். பிறகு தோளை நிமிர்த்திக்கொண்டு, பழைய லிஸ்டனின் முறைத்த முகத்தை எடுத்து மாட்டிக்கொண்டு படியிறங்கினார்.

அந்தச் சொற்பொழிவு கடைசிவரை பேசப்படவே இல்லை.

தோற்றுவிட்டு ஊர் திரும்புகிறவனை வரவேற்க ஆள் வராதது நமக்குத் தெரிந்த கதை. எட்டாவது படித்தபோது வெளியூர் ஓட்டப்பந்தயத்தில் கடைசியாக ஓடிவந்து, இரவுப் பஸ்ஸில் தனியாக இறங்கி, பையைத் தூக்கிக்கொண்டு வீடுவரை நடந்தது எனக்கு இன்னும் நினைவில் இருக்கிறது. வலித்தது, ஆனால் அதில் ஒரு நியாயம் இருந்தது. உலகத்தையே ஜெயித்துவிட்டு வந்தவருக்கும் அதே காலி மைதானம்தான் என்றால், இனி எதைச் செய்து எதை மாற்றுவது? திருந்து திருந்து என்று ஒருவரைப் பார்த்துக் காலமெல்லாம் சொன்னவர்கள், திருந்துவதற்கு அவர் வாயைத் திறந்த நாளில் வீட்டில் இருந்துவிட்டார்கள். எனக்கு அந்த ஊர் மேல் கோபம் வந்தது. அறுபது ஆண்டுக்குப் பிறகும் அது ஆறுவதாக இல்லை.

ஸ்டூலில் உட்கார்ந்தவர்

மறு ஆண்டு லாஸ் வேகாஸில் பாட்டர்சனை மறுபடியும் முதல் ரவுண்டிலேயே வீழ்த்தினார். நான்கே விநாடிகள் கூடுதலாக ஆயின. ஃபிலடெல்ஃபியாவை விட்டு டென்வருக்குக் குடிபோனார். ஃபிலடெல்ஃபியாவில் மேயராக இருப்பதைவிட டென்வரில் விளக்குக் கம்பமாக இருப்பது மேல் என்று அவர் சொன்னது பிரசித்தம். அதை ஒரு நகைச்சுவையாகவே எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். விமான நிலையத்தைத் தெரிந்துகொண்டு படித்தால் சிரிப்பு வராது.

1964 பிப்ரவரி 25-இல் மயாமி பீச்சில், அப்போது காசியஸ் கிளே என்ற பெயரில் இருந்த இருபத்திரண்டு வயது அலியோடு மோதினார். ஏழுக்கு ஒன்று என்று லிஸ்டன் பக்கமே பந்தயம் கட்டியிருந்தார்கள். ஆறு ரவுண்டு முடிந்து ஏழாவதுக்கு மணி அடித்தபோது லிஸ்டன் மூலையிலிருந்த ஸ்டூலைவிட்டு எழவில்லை. இடது தோள் போய்விட்டது என்றார். தசைநார் கிழிந்திருந்ததை மருத்துவர்கள் பார்த்து உறுதிசெய்தார்கள். நடுவர்களின் கணக்கில் அந்த நேரத்தில் இருவரும் சமமாக இருந்தார்கள். வேண்டுமென்றே விட்டுக்கொடுத்தார், மாஃபியா சொல்லித் தோற்றார் என்று அன்று தொடங்கிய பேச்சு இன்றும் ஓயவில்லை.

எனக்கு அந்தப் பேச்சில் ருசி இல்லை. என்னை உறுத்துவது வேறு. 1954-இல் மார்ட்டி மார்ஷல் என்பவரோடு நடந்த சண்டையில் லிஸ்டனின் தாடை உடைந்தது. அப்போது அவர் யாருக்கும் தெரியாத ஆள், கிடைத்த பணமும் சொற்பம். உடைந்த தாடையோடு எட்டு ரவுண்டையும் நின்று முடித்துவிட்டுத்தான் இறங்கினார். அந்த மனிதர் பத்து ஆண்டு கழித்து, உலகப் பட்டமே இடுப்பில் இருக்கும்போது, தோள் வலிக்கிறது என்று உட்கார்ந்துவிட்டார். தோள் உண்மையாகவே கிழிந்திருந்தது, ஒப்புக்கொள்கிறேன். எதிரே இருந்தவர் சரித்திரம் கண்ட மிகப்பெரிய வீரர், அதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் உடைந்த தாடைக்காரருக்கு எழுந்து போய்ச் சேர ஓர் இடம் இருப்பதாக நம்பிக்கை இருந்தது. பட்டம் கிடைத்தால் ஊர் ஏற்றுக்கொள்ளும் என்ற நம்பிக்கை. ஸ்டூலில் உட்கார்ந்தவர் அந்த இடத்துக்கு ஏற்கெனவே போய்ப் பார்த்துவிட்டு வந்தவர். இதை நான் நிரூபிக்க முடியாது. இப்படித்தான் எனக்குப் படுகிறது.

சுவரில் தொங்கும் படம் அடுத்த ஆண்டு எடுக்கப்பட்டது. 1965 மே 25, மெய்ன் மாநிலத்தின் லூயிஸ்டன் என்ற சிறு ஊர். உலகப் பட்டத்துக்கான அந்தச் சண்டையை நேரில் பார்த்தவர்கள் 2,434 பேர். முதல் ரவுண்டில் அலியின் வலது கைக் குத்து ஒன்று பட்டு லிஸ்டன் விழுந்தார். பலருக்குக் குத்து விழுந்ததே கண்ணில் படவில்லை. எழுந்து சண்டைபோடு என்று அலி அவர் தலைமாட்டில் நின்று கத்திய நொடியைத்தான் நீல் லைஃபர் என்ற இருபத்திரண்டு வயது இளைஞர் படம் பிடித்தார். லிஸ்டன் எழுந்தார் என்பது படத்தில் இல்லை. எழுந்து மீண்டும் கையை உயர்த்தி நின்றவரைத்தான், பத்து எண்ணி முடிந்துவிட்டது என்று கீழிருந்து குரல் வந்ததைக் கேட்டு, நடுவர் நிறுத்தினார்.

அதற்குப் பிறகும் அவர் சண்டை போட்டுக்கொண்டுதான் இருந்தார். ஸ்வீடனில் நான்கு வெற்றி, பிறகு அமெரிக்காவில் வரிசையாகச் சில. 1970 ஜூனில் ஜெர்சி சிட்டியில் சக் வெப்னரோடு போட்டதுதான் கடைசி. ஜெயித்தார், வெப்னரின் முகத்தில் எழுபதுக்கு மேல் தையல் போடவேண்டியிருந்தது. மொத்தம் 54 சண்டைகள், 50 வெற்றி.

1971 ஜனவரி 5-ஆம் தேதி, பண்டிகைக்கு செயின்ட் லூயிஸ் போயிருந்த மனைவி ஜெரால்டின் லாஸ் வேகாஸ் வீட்டுக்குத் திரும்பினார். வாசலில் பிரிக்கப்படாத செய்தித்தாள்களும் எடுக்கப்படாத பால் புட்டிகளும் சேர்ந்து கிடந்தன. உள்ளே படுக்கையறையில், கட்டிலின் காலடியில், சாய்ந்து கிடந்தார் லிஸ்டன். இறந்து பல நாள் ஆகியிருந்தது. பால் புட்டிகளையும் செய்தித்தாள்களையும் எண்ணித்தான் டிசம்பர் 30 என்று ஒரு தேதியை அனுமானித்தார்கள். நுரையீரலில் நீர்கோத்தது, இதயம் நின்றது என்பது அதிகாரபூர்வக் காரணம். வீட்டில் ஹெராயின் இருந்ததும், ஊசி என்றாலே அவருக்குப் பயம் என்று தெரிந்தவர்கள் சொன்னதும் வேறு பல சந்தேகங்களைக் கிளப்பின. எதுவும் முடிவாகவில்லை. பிறந்த தேதிக்கு மரம் இல்லை. இறந்த தேதிக்குப் பால் புட்டி.

லாஸ் வேகாஸ் விமான நிலையத்தை ஒட்டிய மயானத்தில் புதைத்தார்கள். தலைக்கு மேல் விமானங்கள் இறங்கிக்கொண்டும் ஏறிக்கொண்டும் இருக்கும். கல்லில் பெயரும் ஆண்டுகளும் இருக்கின்றன; அவற்றுக்குக் கீழே ‘ஒரு மனிதன்’ என்று பொறித்திருக்கிறார்கள்.

போன ஞாயிறு பயிற்சி முடிந்து பையனும் நானும் கொட்டகைத் திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். இவ்வளவையும் சொல்லவில்லை, பத்து வயதுப் பிள்ளைக்கு எவ்வளவு சொல்லலாமோ அவ்வளவு சொன்னேன். பெயரைச் சொன்னேன். உடைந்த தாடையைச் சொன்னபோது கண்ணை விரித்தான். விமானத்தைச் சொன்னபோது கைக்கட்டுத் துணியைச் சுருட்டுவதை நிறுத்திவிட்டான்.

“யாருமே வரவில்லையா மாமா?”

“பத்திரிகைக்காரர்கள் வந்திருந்தார்களே.”

“அவர்கள் வேலைக்கு வந்தவர்கள்” என்றான்.